குளோவர் தீவனத் தொகுப்பு: விதையை நம்பி வாங்கலாம், கூட வரும் உரத்தை வாங்க வேண்டாம்

உதகமண்டலத்தில் விதையும் உரமும் விற்கும் ஒரு கடையில் 2021 செப்டம்பரில் வெள்ளைக் குளோவர் என்ற, தரையில் படரும் மூவிலைத் தீவனப் பயிருக்கான தொகுப்பு ஒன்றை வாங்கினேன். அதை மூன்று முழு ஆண்டுகள் நிலத்தில் பயன்படுத்திப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தீவனப் பயிரைப் பற்றி ஒரு பருவத்தில் சொல்லும் கருத்துக்கு மதிப்பில்லை. முதல் மழைக்கு எதுவும் பச்சையாகத்தான் தெரியும்; இரண்டாம் ஆண்டுப் பனியைத் தாங்கிப் பரவுகிறதா என்பதில்தான் அதன் தரம் தெரியவரும்.

தொகுப்பில் இருந்தவை ஒரு கிலோ விதை, 200 கிராம் நுண்ணுயிர் உரப் பொட்டலம், 50 கிலோ டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புத் தூள்) மூட்டை ஒன்று, 50 கிலோ 17:17:17 கலப்பு உர (தழைச்சத்து என்ற நைட்ரஜன், மணிச்சத்து என்ற பாஸ்பரஸ், பொட்டாஷ் மூன்றும் முறையே 17 விழுக்காடு) மூட்டை ஒன்று, தமிழில் அச்சிட்ட நான்கு பக்கக் கையேடு ஆகியவை. இருபத்தைந்து சென்ட் நிலத்துக்கு இவை போதும் என்று மேலட்டையில் எழுதியிருந்தது. அதே அட்டையில் கொம்புள்ள மான் ஒன்றின் படமும், 'கறவை மாடுகளுக்கும் மான்களுக்கும் உகந்தது. மான்களைத் தோட்டப் பயிரிலிருந்து திசை திருப்பும்' என்ற வாசகமும் இருந்தன. இந்த வாசகத்துக்குப் பின்னர் வருகிறேன்.

என் நிலம் உதகைக்கு மேற்கே, சோலைக் காட்டை ஒட்டிய சரிவில் இருக்கிறது. கேரட்டும் முட்டைக்கோசும் போட்டு வந்த இடத்தில் இருபது சென்ட்டைத் தீவனத்துக்கென்று ஒதுக்கினேன். வீட்டில் இரண்டு ஜெர்சி கலப்பின மாடுகள் நிற்கின்றன. மழைக்காலத்தில் கிக்கியுப் புல்லுக்குக் குறைவில்லை. ஆனால் டிசம்பர் தொடங்கி உறைபனி விழுந்தால் அந்தப் புல் வைக்கோல் நிறத்துக்குக் கருகிவிடும். பிப்ரவரி வரை தீவனத்தை விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். அந்த மாதங்களைக் கடக்கவே குளோவரை நாடினேன். நிலத்தின் மேல் ஓரத்துக்குக் கடமான்கள் இரவில் வந்துபோவதும் எனக்குத் தெரியும். அவற்றை விரட்டும் எண்ணம் எனக்கு என்றும் இருந்ததில்லை.

முதலில் விதை. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குளோவர் என்று கேட்டால் வடநாட்டுச் சமவெளியில் குளிர்காலத் தீவனமாகப் பயிரிடும் பெர்சீம் விதையைக் கொடுத்துவிடுவதுண்டு. அது ஓராண்டுப் பயிர், விதையும் சற்றுப் பெரிது. வெள்ளைக் குளோவர் விதை கடுகைவிடவும் சிறியது, மஞ்சள் நிறத்தது, உற்றுப் பார்த்தால் இதய வடிவம் தெரியும். ஒரு கிலோவில் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். எனக்குக் கிடைத்தது உண்மையான வெள்ளைக் குளோவர்தான். ஈரத்துணியில் நூறு விதைகளை முடிந்து வைத்தேன். ஏழு நாளில் எண்பத்தாறு முளைத்திருந்தன. கல், மண், களை விதை எதுவும் கலந்திருக்கவில்லை. ஏக்கருக்கு நான்கு கிலோ என்பது தனிப்பயிராக விதைக்கப் போதுமான அளவு என்பதால், இருபத்தைந்து சென்ட்டுக்கு ஒரு கிலோ என்ற கணக்கும் சரியே.

கையேட்டை அப்படிச் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவில் வெள்ளைவால் மான்களுக்காகக் காட்டோரங்களில் சிறு சிறு பாத்திகளாகக் குளோவர் வளர்க்கும் வழக்கம் உண்டு. வேட்டைக்காரர்களும் நில உரிமையாளர்களும் அதை ஒரு தனி வேளாண்மையாகவே செய்கிறார்கள். கையேடு அங்குள்ள முறையை அப்படியே தமிழாக்கியது என்பது இரண்டு பக்கம் படித்ததும் விளங்கியது. அந்த முறையில் பெரும்பகுதி நல்ல அனுபவத்திலிருந்து வந்தது. நானும் அதிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் நாட்டை மாற்றும்போது பருவத்தையும் மாற்ற வேண்டும் என்பதைத் தமிழாக்கியவர் எண்ணிப் பார்க்கவில்லை. 'குளிர்கால முடிவில் உறைபனி மண்ணின் மேல் விதையைத் தூவிவிடலாம்' என்கிறது கையேடு. அங்கே மண் இரவில் உறைந்து பகலில் இளகும்போது விதை தானே பிளவுகளுக்குள் இறங்கிக்கொள்ளும். பிறகு வசந்த கால ஈரத்தில் முளைத்துவிடும். நம் மலையில் உறைபனிக்குப் பின்னால் வருவது மார்ச் மாத வறட்சி. பிப்ரவரியில் தூவினால் விதை எறும்புக்குப் போகும், அல்லது ஒரு தூறலுக்கு முளைத்து வாடிப்போகும். கோடை மழையில் நிலத்தைப் பண்படுத்தி, தென்மேற்குப் பருவமழை பிடித்தபின் ஜூன் மாதத்தில் விதைப்பதே மேற்குச் சரிவுக்குப் பொருந்தும். வடகிழக்கு மழையை நம்பியிருக்கும் கோத்தகிரிப் பக்கத்தார் செப்டம்பரில் விதைக்கலாம்.

இனி, இந்தத் தொகுப்பில் மிகவும் குறைவாக இருந்த பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது டோலமைட். நீலகிரி மண் பெரும்பாலும் புளிப்பு மண். தேயிலை அதில் செழிக்கிறது என்பதே அதற்குச் சான்று. தேயிலைக்குக் கார அமில நிலை (pH; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் போதும். குளோவருக்கு 6-ஐ ஒட்டியாவது இருக்க வேண்டும். இந்த ஓர் எண்ணில்தான் பயிரின் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கின்றன என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. போட்ட சூப்பர் பாஸ்பேட்டில் பெரும்பகுதி வேருக்குக் கிடைக்காமல் பூட்டிக்கொள்கிறது. வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர்களும் அந்த மண்ணில் பெருகுவதில்லை. அந்த நுண்ணுயிர்களுக்குத் தேவையான மாலிப்டினம் என்ற நுண்சத்தும் புளிப்பில் கரையாமல் கிடக்கிறது. சுண்ணாம்பு ஒன்று போதுமான அளவில் சேர்ந்தால் இம்மூன்று குறைகளும் ஒருசேரத் தீரும்.

நிலத்தில் பத்து இடங்களில் ஆங்கில 'வி' வடிவத்தில் ஒரு சாண் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிக் கலந்து, நான்காகப் பகுத்துக் குறைத்து, அரைக் கிலோவை மண் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கார அமில நிலை 4.9 என்று வந்தது. ஏக்கருக்கு இரண்டு டன் சுண்ணாம்பு வேண்டும் என்று எழுதித் தந்தார்கள். என் இருபது சென்ட்டுக்கு அது நானூறு கிலோ, அதாவது எட்டு மூட்டை. தொகுப்பில் வந்ததோ ஒரே ஒரு மூட்டை. விதைத்தவன் பயிர் பிடிக்கவில்லை என்று விதையைக் குறை சொல்வான். குறை மூட்டைக் கணக்கில் இருக்கும். மீதி ஏழு மூட்டையைத் தேயிலைத் தோட்டங்களுக்கு டோலமைட் கொண்டுவரும் லாரியிலிருந்து வாங்கி, 2021 அக்டோபரில் மழை ஈரம் இருக்கும்போதே தூவிக் கொத்திவிட்டேன். சுண்ணாம்புத் தூள் மண்ணோடு வினைபுரிய ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஆகும்; விதைக்கும் வாரத்தில் போட்டுவிட்டுப் பலனை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. தூள் மாவு போல் நைசாக இருப்பதும் முக்கியம். தொகுப்பில் வந்த மூட்டையில் பருக்கையாகக் கல் அதிகம், லாரி மூட்டை அதைவிட நன்றாக இருந்தது. ஓராண்டு கழித்து மறுபடி பரிசோதித்தபோது 5.7 என்று வந்தது. 2023-ல் மேலும் நூறு கிலோ சேர்த்தேன்.

நுண்ணுயிர் உரப் பொட்டலத்தை வாங்குவோர் கட்டாயம் பிரித்துப் படிக்க வேண்டும். அதில் 'ரைசோபியம், பயறு வகைகளுக்கு' என்று அச்சிட்டிருந்தது. வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிரின் பெயர்தான் ரைசோபியம். உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் ஏற்ற ரைசோபியம் குளோவர் வேரில் முடிச்சுப் போடாது. குளோவருக்கென்று தனி வகை இருக்கிறது. இது சிறு தவறு அன்று, தொகுப்பின் அடிப்படையையே குலைக்கும் தவறு. நல்லவேளையாக, வெள்ளைக் குளோவர் நம் மலையில் சாலையோரங்களிலும் புல்தரைகளிலும் தானாகவே பரவியிருக்கிறது. அது நெடுங்காலமாக வளர்ந்து நிற்கும் ஓரிடத்திலிருந்து, செடியைப் பிடுங்கி வேரைக் கீறி உள்ளே முடிச்சு இளஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்த பிறகு, இரண்டு கூடை மண்ணை எடுத்து வந்தேன். அந்த மண்ணைச் சலித்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் புரட்டிய விதையோடு கலந்து, நிழலில் உலர்த்தி அன்றே விதைத்தேன். இது பழைய முறை. பொட்டலங்கள் வருவதற்கு முன்பு பல நாட்டு உழவர்களும் செய்தது. எட்டு வாரத்தில் என் செடிகளின் வேரிலும் இளஞ்சிவப்பு முடிச்சுகளைக் கண்டேன். முடிச்சு வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அது வேலை செய்யவில்லை என்று பொருள்.

விதைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கால் அங்குலத்துக்கு மேல் ஆழம் போனால் இவ்வளவு சிறிய விதை மேலே வராது. மணலோடு கலந்து தூவி, முள் கிளை ஒன்றை மேலே இழுத்து, காலால் மிதித்து விட்டேன்.

அடுத்தது 17:17:17. இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியதே அந்த மூட்டைதான். கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் 'தழைச்சத்து இல்லாத 0-20-20 உரம் இடவும்' என்று தெளிவாக இருக்கிறது. அமெரிக்காவில் அந்த விகிதத்தில் மூட்டை கிடைக்கிறது. நம் கடைகளில் கிடைப்பதில்லை. அதற்கு ஈடாக அலமாரியில் இருந்த கலப்பு உரத்தைத் தொகுப்பில் சேர்த்துவிட்டார்கள். கடையில் இதைக் கேட்டபோது, அங்கிருந்த இளைஞர், "தழைச்சத்து இல்லாம எந்தப் பயிருண்ணா வளரும்? போடுங்க, பச்சை பிடிக்கும்" என்றார். அவர் மனமறிந்து ஏமாற்றவில்லை. கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் உரம் விற்றுப் பழகியவருக்கு அது இயல்பான பதில். நான் நிலத்தை மேல் பத்து சென்ட், கீழ் பத்து சென்ட் என்று பிரித்து, கீழ்ப் பாதிக்குத் தொகுப்பில் சொன்னபடி கலப்பு உரத்தையும், மேல் பாதிக்குத் தழைச்சத்து இல்லாத உரத்தையும் இட்டேன். சுண்ணாம்பு, விதை, வேர் மண் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே.

முதல் ஆறு வாரம் கீழ்ப் பாதிதான் கண்ணைப் பறித்தது. கடைக்கார இளைஞர் சொன்னது சரியோ என்றுகூட எண்ணினேன். ஆகஸ்ட் முடிவதற்குள் அந்தப் பச்சை குளோவருடையது அன்று, கிக்கியுவுடையது என்று தெரிந்துவிட்டது. 50 கிலோ மூட்டையில் எட்டரைக் கிலோ தழைச்சத்து இருக்கிறது. குளோவர் அதற்கு ஏங்கி நிற்பதில்லை, புல் அதை ஒரே மூச்சில் உறிஞ்சி முழங்கால் உயரம் வளர்ந்து குளோவரை நிழலில் மூடிவிடுகிறது. மண்ணில் தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது குளோவரும் முடிச்சுப் போடுவதைக் குறைத்துக்கொள்ளும். நன்றாகப் பிடித்த குளோவர் நிலம் ஆண்டுக்கு எக்டேருக்கு 100 கிலோவுக்கும் மேல் தழைச்சத்தைக் காற்றிலிருந்தே சேர்த்துத் தரவல்லது. அப்படிப்பட்ட பயிருக்குக் காசு கொடுத்துத் தழைச்சத்து வாங்கிப் போட்டு, அதன் எதிரியை நாமே வளர்த்துவிடுகிறோம். 2022 நவம்பரில் பார்த்தபோது மேல் பாதியில் தரை தெரியாமல் மூவிலை மூடியிருந்தது. கீழ்ப் பாதியில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அந்தப் பாதியை மறு ஆண்டு அடிக்கடி அறுத்து அறுத்துத்தான் மீட்டேன்.

மேல் பாதியில் நான் இட்டதன் கணக்கை இருபது சென்ட்டுக்குச் சொல்கிறேன். மண் பரிசோதனை வேறு சொன்னால் அதையே கேளுங்கள். 16 விழுக்காடு மணிச்சத்து உள்ள சூப்பர் பாஸ்பேட் 34 கிலோவும், 60 விழுக்காடு உள்ள மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் 9 கிலோவும் சேர்த்தால், அமெரிக்கக் கையேடு சொல்லும் ஏக்கருக்கு 300 பவுண்டு 0-20-20 கொடுக்கும் சத்து அப்படியே கிடைத்துவிடுகிறது. சூப்பரில் கந்தகமும் இருப்பது கூடுதல் நன்மை. இதைச் சுண்ணாம்போடு கலந்து ஒரே நாளில் போடக்கூடாது. கலந்தால் மணிச்சத்து கரையாத வடிவத்துக்குத் திரும்பிவிடும். சில வாரமாவது இடைவெளி வேண்டும். ஆண்டுதோறும் செப்டம்பரில், ஓர் அறுப்புக்குப் பின், இலையில் ஈரமில்லாத நாளில் இந்த அளவை ஒருமுறை தூவுகிறேன். அறுத்து மாட்டுக்கு எடுத்துச் செல்லும் நிலத்தில் பொட்டாஷ் வேகமாகக் குறையும். இலை ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அதுவே அடையாளம். கொட்டில் சாணத்தை இந்த நிலத்தில் போடுவதில்லை. அது கேரட் பாத்திக்குப் போகிறது.

பராமரிப்பு என்றால் அறுப்புதான். குளோவரின் தண்டு தரையோடு ஊர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும். அதனால் மேலே அறுத்தாலும் அதன் உயிர்நிலை தப்பித்துக்கொள்கிறது, புல்லின் நிழல் மட்டும் நீங்குகிறது. ஜூலை முடிவிலும், செப்டம்பரிலும், நவம்பர் தொடக்கத்திலுமாக மூன்று முறை, நான்கு விரல் உயரம் விட்டு அறுக்கிறேன். களைகள் பூத்து விதைக்கும் முன் அறுத்துவிட்டால் பாதிக் களை வேலை முடிந்தது. டிசம்பர் முதல் மார்ச் வரை கத்தி வைப்பதில்லை. பனியிலும் வறட்சியிலும் இலையே செடிக்குப் போர்வை. புல்லை மட்டும் கொல்லும் களைக்கொல்லி தெளிக்கக் கையேடு பரிந்துரைக்கிறது. மாடும் மானும் வாய் வைக்கும் நிலத்தில் அதைத் தெளிக்க எனக்கு மனம் வரவில்லை, தேவையும் படவில்லை.

பனிக்காலத்தில்தான் இந்தப் பயிர் தன் விலையைத் திருப்பித் தந்தது. சுற்றிலும் கிக்கியு கருகிக் கிடந்த 2023 ஜனவரியில், மேல் பாதி காலை ஒன்பது மணிக்குப் பனி உருகியதும் பச்சையாக எழுந்து நின்றது. எனக்கு முன்பே அதைக் கண்டுகொண்டவை கடமான்கள். எவ்வளவு மேய்கின்றன என்று அறிய, மீட்டருக்கு மீட்டர் அளவில் கம்பி வலைக் கூடு ஒன்றைச் செய்து நிலத்தின் நடுவே கவிழ்த்து வைத்தேன். இதுவும் அமெரிக்கக் கையேட்டில் கற்றதுதான், அதில் இருந்த மிகச் சிறந்த யோசனையும் இதுவே. மாதக் கடைசியில் கூட்டுக்குள் குளோவர் ஒரு சாண் உயரம், வெளியே இரண்டு விரல். நிலத்துக்கு உரம் போதவில்லையோ என்று நான் ஐயப்பட்டிருந்தேன். வளர்ந்ததைத்தான் மேய்ந்திருக்கின்றன என்று கூடு காட்டிவிட்டது.

ஆனால் மான்களைத் தோட்டப் பயிரிலிருந்து திசை திருப்பும் என்ற வாசகம் என் நிலத்தில் மெய்ப்படவில்லை. குளோவரை மேய்ந்த கடமான்கள் அதே இரவில் கேரட் பாத்தியிலும் கால் வைத்தன. முன்பு இரண்டு மூன்று வந்த இடத்தில் இப்போது நான்கைந்து குளம்படிகளைப் பார்க்கிறேன். கேரட்டைக் காக்க வேலிதான் வழி. குளோவரை அதற்கு மாற்றாக எண்ணி யாரும் வாங்க வேண்டாம். மான் வரும் இடத்துக்குச் சிறுத்தையும் வரக்கூடும் என்பதால், வீட்டுக்கும் கொட்டிலுக்கும் அருகே குளோவர் போடுவது தவறு. என் நிலம் வீட்டிலிருந்து முந்நூறு அடி தள்ளி இருப்பது தற்செயலான நன்மை. அமெரிக்காவில் இந்தப் பாத்திகள் வேட்டையோடு இணைந்தவை; நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். கொம்புள்ள மானின் படத்தை அட்டையில் போட்டு விற்பவர்கள் இதையும் ஒரு வரி அச்சிட்டிருக்கலாம்.

இன்னொரு கவலையும் உண்டு. குளோவரின் கெட்டித் தோல் விதைகளில் ஒரு பகுதி விலங்கின் வயிற்றைக் கடந்தும் முளைக்கும் திறனோடு சாணத்தில் வெளியேறும். சீகை மரமும் ஸ்காட்ச் புரூமும் புகுந்த நம் மலைப் புல்வெளிகளுக்கு இன்னொரு அயல் செடியைக் கொண்டுபோய்ச் சேர்க்க நான் விரும்பவில்லை. செடி உதிர்த்த விதையால் நிலம் தானே புதுப்பித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். இருந்தும் சோலையை ஒட்டிய மேல் ஓரத்தில் பூ வாடுவதற்குள் அறுத்துவிடுகிறேன். மற்ற பகுதியில் தேனீக்களுக்காகப் பூவை விட்டு வைக்கிறேன்.

மாடு வளர்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை. ஈரமான இளங்குளோவரைப் பசித்த மாடு வயிறு முட்டத் தின்றால் உப்புசம் வரும். சில மணி நேரத்தில் உயிரையே பறிக்கக்கூடியது அது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வைக்கோலோ காய்ந்த புல்லோ முதலில் கொடுத்து, வெயில் ஏறியபின் அறுத்த குளோவரை மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் கலந்து கொடுக்கிறேன். இதுவரை ஒரு சிக்கலும் வரவில்லை. புரதம் நிறைந்த தீவனம் என்பதால் பிண்ணாக்கைச் சற்றுக் குறைத்தும் பால் குறையவில்லை.

கடையின் சேவையைப் பொறுத்தவரை, நுண்ணுயிர்ப் பொட்டலம் தவறு என்று கொண்டுபோய்க் காட்டியபோது மறுபேச்சின்றிப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். கலப்பு உர மூட்டையைத் திரும்பப் பெற மறுத்தார்கள். கடந்த ஆண்டு மீண்டும் போனபோது தொகுப்பு அதே வடிவில்தான் அடுக்கியிருந்தது. கேட்டால் விதையை மட்டும் தனியாகக் கொடுக்கிறார்கள். கிலோ ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். பக்கத்து நிலத்து அண்ணனுக்காக அரைக் கிலோ வாங்கி வந்தேன். அவர் நிலத்தில் சுண்ணாம்பு இப்போதுதான் போட்டிருக்கிறது. விதைப்பு வருகிற ஜூனில்.